அந்தப் பெண் நான் இல்லை

வந்தவர் கூடத்துக்குள் நுழைந்ததும் பேச்சை நிறுத்திவிட்டார். கையில் ஒரு அட்டை, அதில் கிளிப் போட்ட படிவம். குழாய் எத்தனை, மின்விசிறி எத்தனை, ஜன்னல் கண்ணாடி முழுசாக இருக்கிறதா, கதவுக்குக் கொண்டி இருக்கிறதா என்று ஒவ்வொன்றாகப் பார்த்து டிக் அடித்துக்கொண்டு வந்தவர், மேற்குச் சுவருக்கு எதிரில் வந்ததும் பேனாவை மூடினார்.

என் கணவர் லூர்து சுரங்கத்திலிருந்து பணி ஓய்வு பெற்று மூன்று மாதம் ஆகியிருந்தது. நெய்வேலியில் வேலை முடிந்தால் வீடும் முடிந்தது. குவார்ட்டர்ஸை எப்படி வாங்கினோமோ அப்படியே திருப்பிக் கொடுக்க வேண்டும். அதைச் சரிபார்க்க சிவில் பிரிவிலிருந்து வந்தவர் இவர். நாற்பது வயதிருக்கும். பொறுமையான மனிதர்.

சுவரை இடமிருந்து வலமாகப் பார்த்தார். பிறகு வலமிருந்து இடமாகப் பார்த்தார். ஒட்டியதா என்று கேட்டார். இல்லை, சுவரிலேயே வரைந்தது என்றேன். எத்தனை நாளாக என்றார். இருபத்தைந்து வருஷமாவது இருக்கும் என்றேன்.

அவர் படிவத்தைப் பார்த்தார். அதில் இதற்கென்று ஒரு கட்டம் இல்லை.

"வெள்ளை அடிச்சித்தாங்க ஒப்படைக்கணும். நான் என்னங்க பண்றது," என்றார். மன்னிப்புக் கேட்கிற குரலில்தான் சொன்னார்.

ஒரு வாரம் அவகாசம் கேட்டேன். பத்து நாள் என்று எழுதிக்கொண்டார். வாசல்வரை போனவர் திரும்பி, படத்தில் பஸ் ஸ்டாண்டு பெஞ்சில் பையோடு உட்கார்ந்திருக்கும் அந்த அம்மா யார் என்று கேட்டார்.

பல வருஷமாக அந்தக் கேள்விக்கு என்னிடம் ஒரு பதில் தயாராக இருந்தது. எத்தனையோ பேரிடம் சொன்ன பதில். அன்று அது வாய்க்கு வரவில்லை.

சத்தம் வராத வேலை

இந்தப் பத்திரிகையில் வரும் என் நினைவுத் தொடரைப் படிக்கும் சிலர், உங்கள் கலைக்கொள்கை என்ன, எதை வெளிப்படுத்த வரைகிறீர்கள் என்று எழுதிக் கேட்கிறார்கள். கண்காட்சிகளிலும் கேட்பார்கள். நானும் ஏதேதோ சொல்லியிருக்கிறேன். உண்மையைச் சொன்னால், எனக்கு ஓவியம் நைட் ஷிஃப்டிலிருந்து வந்தது.

நான் பிறந்தது கடலூர் முதுநகர். அங்கே வீடு என்றாலே சத்தம்தான். மீன் ஏலம் போடுகிறவர்கள், லாரிகள், மாதா கோயில் மணி, எல்லாவற்றுக்கும் மேலே அப்பாவின் ரேடியோ. கல்யாணமாகி நெய்வேலிக்கு வந்த முதல் வாரமே லூர்துவுக்கு நைட் ஷிஃப்ட். காலையில் வந்து, உடம்பில் ஒட்டிய பழுப்புத் தூசியைத் தேய்த்துக் குளித்து, நாலு இட்லி தின்றுவிட்டுப் படுத்தாரென்றால் மூன்று மணிக்குத்தான் எழுவார்.

அதுவரை வீட்டில் ஒரு கரண்டி கீழே விழக்கூடாது. ஜன்னலுக்குப் பழைய போர்வை கட்டியிருக்கும். குக்கரை அவர் வருவதற்கு முன்பே வைத்து இறக்கிவிடுவேன். தையல் மெஷின் தொடக்கூடாது. அம்மி தொடக்கூடாது. வெளியே வேப்ப மரத்தில் காக்கை கத்தினால்கூட நான்தான் குற்றவாளி மாதிரி படபடப்பேன்.

அந்த வீட்டுக்கு வந்த முதல் மழைக்காலத்தில் கூடத்தின் மேற்குச் சுவர் ஓதம் ஏறிக் கறை கட்டியது. பார்க்கப் பார்க்க அந்தக் கறை, ஒருக்களித்துப் படுத்திருக்கும் மனிதர் போல் தெரிந்தது. இஸ்திரிப் பெட்டியிலிருந்து ஆறின கரித்துண்டு ஒன்றை எடுத்து ஓரம் மட்டும் வரைந்தேன். தோள், இடுப்பு, மடித்த முழங்கால். கரி சுவரில் நகரும்போது மூச்சுவிடுகிற அளவுக்குத்தான் சத்தம் வந்தது.

லூர்து எழுந்து வந்து காபியைக் கையில் வைத்துக்கொண்டு பார்த்தார். கம்பெனிச் சுவரைக் கெடுத்துவிட்டாயே என்பார் என்று நின்றேன்.

"வரைஞ்சிக்கினு இரு. சத்தம் வராத வேல அது ஒண்ணுதான்," என்றார்.

யாரும் எனக்கு ஓவியப் பள்ளி காட்டவில்லை. எனக்குக் கிடைத்த அனுமதிக் கடிதம் இந்த ஒரு வாக்கியம்தான்.

பழுப்பு

நிறத்துக்குக் கடைக்குப் போகத் தெரியாத காலம். லாரியிலிருந்து சாலையோரம் சிந்திக் கிடக்கும் நிலக்கரிக் கட்டிகளைப் பொறுக்கி வருவேன். எங்கள் ஊர் நிலக்கரி கறுப்பில்லை, பழுப்பு. வெயிலில் காயவைத்தால் தானே வெடித்து உதிரும். லூர்து விழித்திருக்கும் சாயங்காலங்களில் அம்மியில் வைத்து அரைத்து, பழைய வேட்டித் துணியில் சலிப்பேன். பசைக்கு முந்திரிப் பிசின். முத்தாண்டிக்குப்பம் போகிற வழியில் எந்த முந்திரி மரத்தைக் கேட்டாலும் கொடுக்கும்.

அந்தப் பழுப்பு டிகாக்ஷன் மாதிரி இருக்கும். முதல் பூச்சில் தங்கம்போல் ஊடுருவித் தெரியும், இரண்டாவதில் ஆழம் கூடும், மூன்றாவதில் இருட்டிவிடும். வெளிச்சம் பட்டால் வருஷக்கணக்கில் மெல்ல வெளுக்கும் என்று பின்னால் புதுச்சேரியில் ஒரு வண்ணக்கடைக்காரர் சொன்னார். என் சுவரில் ஜன்னல் பக்கத்து உருவங்கள் அதற்குள் தேநீர் நிறத்துக்கு வந்திருந்தன. இருந்தும் நான் அதை விடவில்லை. என் வீட்டு மனிதர் தினமும் உடம்பில் பூசிக்கொண்டு வருகிற நிறம் அது. வேறு எந்த நிறத்தில் அவரை வரைவேன்?

இதெல்லாம் இப்போது யோசித்துச் சொல்வது. அப்போது நான் அவரையே வரையவில்லை. அந்தக் கறை மனிதரை அப்படியே விட்டுவிட்டு, சுவரின் மற்ற இடங்களில் ரோஜாக் கொத்து, குழந்தை ஏசுவோடு மாதா, இரண்டு அன்னம் என்று காலண்டரில் வருகிறதையெல்லாம் போட்டேன். வந்தவர்கள் எல்லோரும் பாராட்டினார்கள், ஒருவரைத் தவிர.

பக்கத்து வீடு

அந்த ஒருவர் கஸ்தூரி அக்கா. அவர் பெயர் அதுவல்ல. இங்கே அப்படி எழுதுகிறேன்.

எங்கள் வீட்டுக்கும் அவர்கள் வீட்டுக்கும் நடுவில் ஒரே சுவர். அவர் கணவர் சங்கரன் அண்ணனும் லூர்துவும் ஒரே ஷிஃப்ட். அவர்கள் தாமிரபரணிக் கரைக்காரர்கள். ஆற்றில் குளித்து வளர்ந்தவருக்குக் குழாயில் வருகிற தண்ணீர் எதற்கும் ஆகாது. நெய்வேலித் தண்ணீரில் பருப்பு வேகும், மனசு வேகாது என்பார்.

இரண்டு வீட்டிலும் இரண்டு ஆண்கள் பகலில் தூங்கினார்கள். அவருக்கும் வாயைக் கட்டிய வீடு, எனக்கும் வாயைக் கட்டிய வீடு. பத்து மணிக்கு மேல் பின்கதவு வழியாக வருவார். கூடத்தில் தரையில் உட்கார்ந்து, முருங்கைக்கீரை ஆய்ந்தபடி கிசுகிசுப்போம். ஏழெட்டு வருஷம் அப்படியே போனது. எப்போதாவது கடைத்தெருவில் சந்தித்தால் எங்கள் இருவருக்கும் ஒருவர் குரல் இன்னொருவருக்குப் புதிதாக இருக்கும். இவ்வளவு கனத்த குரலா இவருக்கு என்று தோன்றும்.

அவருக்குக் கோலம் போடக்கூட வராது. ஆனால் பார்க்கத் தெரியும். ஒரு நாள் என் சுவரை முழுதாகப் பார்த்துவிட்டு, காதோரம் குனிந்து சொன்னார்:

"எல்லாம் நல்லாத்தான் இருக்கு மேரி. ஆனா இதுல நீ எங்க இருக்க?"

எனக்குக் கோபம் வந்தது. இரண்டு நாள் முகம் கொடுக்கவில்லை. மூன்றாம் நாள் அன்னங்களை ஈரத்துணியால் துடைத்து எடுத்தேன். அந்தக் கறை மனிதரிடம் திரும்பிப் போனேன். போர்வை கட்டிய ஜன்னல், அதன் கிழிசல் வழியாக அவர் விலாவில் விழும் ஒரு கோடு வெயில், வாய் லேசாகத் திறந்த தூக்கம், கால்மாட்டில் விரல் நுனியில் நடந்துபோகும் ஒரு பெண்ணின் பாதங்கள் என்று வரைந்தேன். பாதங்கள் மட்டும்தான். அதற்குமேல் அவளை வரையத் துணிச்சல் வரவில்லை.

கஸ்தூரி அக்கா வந்து பார்த்தார். அந்தப் பாதங்களுக்குப் பக்கத்தில் தன் பாதத்தை வைத்து அளவு பார்த்தார். சுவரில் காலைத் தூக்கி வைத்தபடி ஒற்றைக் காலில் அவர் நின்ற கோலத்தைப் பார்த்து எனக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. சத்தம் வராமல் இருவரும் வாயைப் பொத்திக்கொண்டு கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தோம்.

அதற்குப் பிறகு எத்தனையோ பேர் என் படங்களுக்கு முன்னால் நின்றிருக்கிறார்கள். பத்திரிகைகளில் எழுதியிருக்கிறார்கள். அந்த ஒரு ஆளுக்குக் காட்டினால் போதும் என்று வரைந்த நாட்கள் திரும்பவில்லை.

அவர் சொன்னது

ஒரு நாள் கீரை ஆயவில்லை. சும்மா உட்கார்ந்திருந்தார். பிறகு சொன்னார்.

சங்கரன் அண்ணன் தூங்கும்போது, சில நாள் அக்கா ஒரு பையில் இரண்டு புடவையை மடித்து வைத்துக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்கு நடந்துபோவாராம். திருச்சி வண்டி நிற்கும் இடத்துக்கு எதிரில் பெஞ்சில் உட்காருவாராம். வண்டி வரும், ஆள் ஏற்றும், போகும். எழுந்து வீட்டுக்கு வந்து புடவைகளைப் பெட்டியில் வைத்துவிட்டுச் சாதம் வடிப்பாராம்.

அண்ணனோடு சண்டையா என்று கேட்டேன். அவர் மாதிரி மனிதர் கிடைக்கமாட்டார் என்றார். அப்புறம் ஏன் என்றேன்.

"பஸ்ல ஏறணும்னு போகல மேரி. ஏறுவேனா மாட்டேனான்னு பாக்கத்தான் போறேன்."

இதை யாரிடமும் சொல்லாதே என்று அவர் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய அவசியம் இருப்பதாகவே அவர் நினைத்திருக்கமாட்டார்.

நான் யாரிடமும் சொல்லவில்லை. வரைந்தேன்.

அந்த வருஷம் கிறிஸ்துமஸுக்கு முன்னால் உறவுக்காரர் கல்யாணத்துக்காக அவர்கள் இரண்டு வாரம் ஊருக்குப் போயிருந்தார்கள். அந்த இரண்டு வாரமும் எனக்குப் பேய் பிடித்தது போல் இருந்தது. சுவரின் வலது கோடியில் பஸ் ஸ்டாண்டு பெஞ்சு வந்தது. அதில் ஒரு பெண் வந்தாள். முகத்தை அந்தப் பக்கம் திருப்பிவிட்டேன். கழுத்தின் பின்புறம், பிரிந்து கிடக்கும் மயிர், மடியில் பை. எதிரே பேருந்து, கதவு திறந்தபடி.

பையைப் பற்றிச் சொல்ல வேண்டும். பச்சை ரெக்ஸின் பை. அதன் கைப்பிடி அறுந்து, சங்கரன் அண்ணன் நீல நைலான் நூலால் தானே தைத்திருந்தார். பழுப்பு மட்டுமே இருந்த அந்தச் சுவரில் அந்த நூலுக்கு மட்டும் நீலம் வைத்தேன். வைத்ததும் படம் உயிர் பெற்றுவிட்டது. அன்றைக்கு எனக்கு இருந்த சந்தோஷத்தை இன்று நினைத்தாலும் வெட்கமாக இருக்கிறது. இன்றும் அது சந்தோஷமாகத்தான் நினைவில் இருக்கிறது என்பது இன்னும் வெட்கம்.

முகம் தெரியவில்லையே, யாருக்குத் தெரியப்போகிறது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அக்கா பார்த்தால் மகிழ்ந்துபோவார் என்றும் நம்பினேன்.

கிறிஸ்துமஸ் காலை

திருப்பலி முடிந்து வந்து, பிரியாணிக்கு வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தேன். வருஷா வருஷம் போல அவர்கள் இருவரும் வாழ்த்துச் சொல்ல வந்தார்கள். முந்தின நாள்தான் ஊரிலிருந்து திரும்பியிருந்தார்கள். அக்கா கையில் ஊர் அல்வா.

சங்கரன் அண்ணன் நேராகச் சுவருக்குப் போனார். புதுசாக ஏதாவது இருக்கிறதா என்று பார்ப்பது அவர் வழக்கம்.

"யாரு மேரி இது, நம்ம பை மாதிரில்லா இருக்கு," என்றார், சிரித்துக்கொண்டே.

பிறகு குனிந்து அந்த நூலைப் பார்த்தார். தான் போட்ட தையல் தனக்குத் தெரியாதா. அந்தக் கழுத்தைப் பார்த்தார். அவர் சிரிப்பு முகத்திலேயே இருந்தது, ஆனால் அதில் அவர் இல்லை.

கஸ்தூரி அக்கா அல்வாவை மேஜையில் வைத்தார். சுவரைப் பார்த்தார். அப்புறம் என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையில் கோபம் இருந்திருந்தால் நான் பிழைத்திருப்பேன். தெரியாத வீட்டுக்குள் தவறி வந்துவிட்டவர் போலப் பார்த்தார்.

கேக் எடுத்துக்கொள்ளுங்கள் என்று நான் சொன்னது ஞாபகம் இருக்கிறது.

அதன் பிறகு பின்கதவு வழியாக யாரும் வரவில்லை. நடுச்சுவரில் காதை வைத்துக் கேட்டிருக்கிறேன். பாத்திரம் வைக்கும் ஓசை கேட்கும், பேச்சு கேட்காது. நாலைந்து மாதத்தில் சங்கரன் அண்ணன் விருப்ப ஓய்வு எழுதிக் கொடுத்துவிட்டார் என்று லூர்து வந்து சொன்னார். இன்னும் பல வருஷம் சர்வீஸ் இருந்த மனிதர். சாமான் லாரியில் ஏறிய அன்று அக்கா எங்கள் வாசலுக்கு வந்தார். எப்போதோ நான் குழம்பு கொடுத்தனுப்பிய தூக்கைக் கழுவித் துடைத்து நீட்டினார்.

"ஒன் தூக்கு," என்றார். அவ்வளவுதான்.

நான் சொன்ன பொய்

அடுத்த வருஷம் அதே படத்தைத் துணியில் எண்ணெய் வண்ணத்தில் வரைந்தேன். பெஞ்சு, பேருந்து, கழுத்து, பை, நீல நூல் எல்லாம் அப்படியே. 'காத்திருப்பவள்' என்று பெயர் வைத்தேன். புதுச்சேரியில் ஒரு குழுக் கண்காட்சியில் அதற்குப் பரிசு கிடைத்தது. என்னை ஓவியர் என்று முதன்முதலாக அச்சில் எழுதியது அந்தப் படத்துக்காகத்தான். இன்று இந்தப் பத்திரிகை என்னிடம் நினைவுகளைக் கேட்கிறதென்றால், அதன் தொடக்கமும் அந்தப் பெஞ்சுதான்.

பரிசு வாங்கிய அன்று ஒரு நிருபர் கேட்டார், யார் இந்தப் பெண் என்று.

"நான்தான்," என்றேன்.

அது மிக நன்றாக எடுபட்டது. சுரங்க நகரத்துக் குடும்பப் பெண் தன்னையே வரைந்துகொண்டாள் என்று எழுதினார்கள். சுய வெளிப்பாடு என்ற சொல்லை நான் முதன்முதலில் படித்தது என்னைப் பற்றி வந்த அந்தக் குறிப்பில்தான். சொல்லச் சொல்ல எனக்கே அது உண்மையாகிவிட்டது. ஒரு ஓவியர் யாரை வரைந்தாலும் அது அவர்தானே என்று மேடையில் விளக்கம்கூடக் கொடுத்திருக்கிறேன். கேட்க நன்றாகத்தான் இருக்கும். நான் எந்த நாளும் எந்தப் பேருந்துக்கு முன்னாலும் அப்படி உட்கார்ந்தவள் இல்லை. எனக்கு அந்தத் தைரியம் கிடையாது.

பரிசுச் சான்றிதழை மாட்ட ஆணி அடித்துக்கொண்டிருந்த லூர்து, திரும்பாமலே கேட்டார்:

"அந்தம்மாவக் கேட்டியா?"

என் படத்துக்கு நான் எதற்கு யாரையும் கேட்க வேண்டும் என்றேன். அவர் ஆணியை அடித்து முடித்தார். பிறகு ஒருநாளும் அதைப் பற்றிப் பேசவில்லை.

பத்து நாள்

சிவில் பிரிவுக்காரர் போன பிறகு மகள் பெங்களூரிலிருந்து போனில் சொன்னாள், சுவரில் உள்ளதையெல்லாம் போட்டோ எடுத்து வைத்துக்கொள் என்று. எடுத்தேன். தூங்கும் லூர்து, சைக்கிள்களின் வரிசை, துணிக்கொடியில் படியும் சாம்பல், பலா மரத்தடியில் உட்கார்ந்து சீட்டாடும் ஓய்வு பெற்றவர்கள். வலது கோடிக்கு வந்ததும் போனைக் கீழே வைத்துவிட்டேன்.

ஆறாவது நாள் லூர்துவின் பழைய சகா ஒருவரைப் பிடித்து அக்காவின் எண் வாங்கினேன். எத்தனையோ வருஷம் கழித்து, ஒரு காலை பத்தரை மணிக்குக் கூப்பிட்டேன்.

குரல் கேட்டதும் பெயரைச் சொன்னேன். சௌக்கியமா என்று கேட்டார். சௌக்கியம் என்றேன். மனப்பாடம் செய்து வைத்திருந்ததைச் சொன்னேன்.

"அக்கா, சுவத்த வெள்ளை அடிக்கச் சொல்றாங்க. அதுல நீங்க இருக்கீங்க. அன்னைக்கு உங்களக் கேக்காம வரைஞ்சேன். இப்பக் கேக்காம அழிக்க மனசு வரல."

"வரையும்போது இல்லாத மனசு இப்ப எங்கேருந்து வந்துச்சு?"

பதிலுக்கு அவர் காத்திருக்கவில்லை. தானே சொல்ல ஆரம்பித்தார். அந்தக் கிறிஸ்துமஸ் அன்று வீட்டுக்குப் போனதும் அண்ணன் அந்தப் பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாராம். ஒன்றும் கேட்கவில்லையாம். அக்காதான் எல்லாவற்றையும் சொன்னாராம். கேட்டுவிட்டு அன்று முழுக்கச் சாப்பிடவில்லையாம். மறுநாள், ஊருக்கே போய்விடலாமா என்று கேட்டாராம். அதற்காகத்தான் வேலையை எழுதிக் கொடுத்தது.

நல்லபடியாகத்தானே முடிந்திருக்கிறது என்று என் மனசு எவ்வளவு அவசரமாக ஆறுதல் தேடியது தெரியுமா. வாயைத் திறந்து சொல்லியும்விட்டேன்.

"நல்லாத்தான் இருக்கோம். ஆத்துல தண்ணி ஓடுது. அவுக தோட்டம் போட்டிருக்காக," என்றார். பிறகு சொன்னார்: "ஆனா மேரி, என்னைக்காவது ஒரு நாள் அத நானே என் வாயால அவுகட்ட சொல்லிருப்பேன். எப்படிச் சொல்லணும்னு ரொம்ப நாளா யோசிச்சு வச்சிருந்தேன். அத நீ எடுத்துக்கிட்ட."

மன்னித்துவிடுங்கள் என்றேன். சுவரை யார் அடிக்கப்போகிறார்கள் என்று கேட்டார். ஆள் சொல்லியிருக்கிறேன் என்றேன்.

"ஆள் வேண்டாம். நீயே அடி," என்றார்.

மூன்று பூச்சு

சொந்தமாக மட்டைத் தூரிகை வாங்கிவந்து நானே அடித்தேன். லூர்து ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்றார். இடது கோடியிலிருந்து தொடங்கினேன். அவர் தூக்கத்தை முதலில் அழித்தேன். தன்மேல் சுண்ணாம்பு ஏறுவதைப் பார்த்து, இப்போதாவது நிம்மதியாகத் தூங்கவிடு என்றார்.

பெஞ்சுக்கு வந்தபோது கண்ணை மூடிக்கொண்டு இழுத்தேன். மறுநாள் காலை பார்த்தால், காய்ந்த வெள்ளைக்குள்ளிருந்து பழுப்பு ஊறி மேலே வந்திருந்தது. மற்ற உருவங்களெல்லாம் மறைந்துவிட்டன. அங்கே மட்டும் நிறத்தை அடர்த்தியாக ஏற்றியிருந்தேன் இல்லையா, அதனால். இரண்டாம் பூச்சு அடித்தேன். அதற்கும் அந்தக் கழுத்து தேநீர்க் கறை போல எழுந்து வந்தது. மூன்றாவதுக்குத்தான் அடங்கியது.

சிவில் பிரிவுக்காரர் வந்து உள்ளங்கையால் சுவரைத் தடவிப் பார்த்தார். கையெழுத்துப் போட்டார். வெறும் சுவரைப் பார்த்து, "கூடம் பெருசாயிட்ட மாதிரி இருக்குங்க," என்றார். உண்மைதான். நான் அந்த வீட்டில் அவ்வளவு பெரிய கூடத்தைப் பார்த்ததே இல்லை.

இப்போது முத்தாண்டிக்குப்பத்தில் இருக்கிறோம். லூர்து ராத்திரியில்தான் தூங்குகிறார். பகலில் எவ்வளவு சத்தம் வேண்டுமானாலும் போடலாம். போடுவதற்கு ஆள்தான் இல்லை. பத்து மணிக்கு மேல் பின்கதவைத் திறந்துவைக்கும் பழக்கம் மட்டும் போகவில்லை.

என் கொள்கை என்ன என்று கேட்டவர்களுக்கு: இப்போதெல்லாம் ஒருவரை வரைந்தால் அவருக்குத்தான் முதலில் காட்டுகிறேன். வேண்டாம் என்றால் வெளியே அனுப்புவதில்லை. அப்படி அறையில் திருப்பி வைத்த படங்கள் சில இருக்கின்றன. நான் வரைந்ததிலேயே நல்ல படங்கள் அவற்றில் உண்டு. பெருமைக்காகச் சொல்லவில்லை, வருத்தமாகத்தான் இருக்கிறது. சென்ற கண்காட்சியில் 'காத்திருப்பவள்' முன்னால் ஒரு மாணவி அதே கேள்வியைக் கேட்டாள். நான் இல்லை, என் சிநேகிதி, கேட்காமல் வரைந்துவிட்டேன் என்றேன். அவள் நோட்டில் எழுதுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள்.

படித்துக் காட்டியது

இந்த அத்தியாயத்தையும் கேட்காமல் அனுப்பக்கூடாது அல்லவா. எழுதியதைப் போனில் அக்காவுக்குப் படித்துக் காட்டினேன். நடுவில் பால் பொங்குகிறது என்று எழுந்து போய்வந்தார். மற்றபடி குறுக்கிடவில்லை. முடித்ததும், பெயரை மட்டும் மாற்று, கஸ்தூரி என்று போடு, எனக்குப் பிடித்த பெயர் என்றார்.

அண்ணன் படிப்பாரே என்றேன். படிக்கட்டும் என்றார். பிறகு,

"ஒண்ணு மட்டும் தப்பா எழுதிருக்க. எப்பவும் பெஞ்சுல இருந்து எந்திரிச்சு வீட்டுக்குத்தான் வந்தேன்னு போட்டிருக்க. ஒரு நாள் ஏறிட்டேன்."

கையில் இருந்த தாளைக் கீழே வைத்தேன்.

"எங்கக்கா போனீங்க?"

"போனேன், வந்தேன். அவுக முழிக்கதுக்குள்ள வந்துட்டேன்."

"அண்ணனுக்குத் தெரியுமா?"

"தெரியாது. ஏறுனேன்னு நீ போட்டுக்கோ. படிச்சிட்டு அவுக கேட்டா, மிச்சத்த நான் சொல்லிக்கிடுதேன்."

எனக்குச் சொல்லமாட்டீர்களா என்று கேட்க வாய் வந்தது. கேட்கவில்லை. அவர் சிரிப்பது கேட்டது. பிறகு, வெயில் ஏறுகிறது, வைக்கிறேன் என்றார்.

திருச்சி வண்டியில் ஏறி மூன்று மணிக்குள் திரும்பிவர முடிகிற ஊர்கள் எவையென்று எண்ணிப் பார்த்துவிட்டேன். அதிகம் இல்லை. பென்சிலை எடுத்தால் ஒரு பேருந்து ஜன்னலும் அதில் சாய்ந்த ஒரு முழங்கையும் தாமாக வருகின்றன. வைத்துவிடுகிறேன். எங்கே இறங்கினார், யாரைப் பார்த்தார், அல்லது யாரையும் பார்க்காமல் சும்மா நின்றுவிட்டு வந்தாரா என்று தெரிந்துகொள்ள எனக்கு அவ்வளவு ஆசையாக இருக்கிறது.